பனியிலும் ஐஸிலும் ஃபோர் வீல் டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிக்காலத்தில் நான்கு சக்கர இயக்க வண்டி ஓட்டுபவர்களும், முதல் முறையாக அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கிளம்புபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. உங்கள் வண்டியின் கையேடு இங்கே உள்ளதற்கு மாறாக ஏதாவது சொன்னால், கையேட்டின்படியே செய்யுங்கள்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருக்கிறேன். பனிச்சாலையில் மற்ற கார்களைவிட எனக்குப் பாதுகாப்பு அதிகம்தானே?

கிளம்புவதற்கும் மேடு ஏறுவதற்கும் அதிகம். நிற்பதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. எந்தக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும் உண்டு. அந்த விஷயத்தில் உங்கள் வண்டியும் பக்கத்தில் போகும் சின்னக் காரும் ஒன்றுதான். வளைவில் திரும்புவதும் அப்படியே. டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் திரும்ப முடியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. இரண்டு சக்கர இயக்கக் கார் வழுக்கும் சாலையில் கிளம்பும்போதே தடுமாறும். சக்கரம் வீணாகச் சுற்றும், டாஷ்போர்டில் விளக்கு சிமிட்டும். இன்று சாலை மோசம் என்பது ஓட்டுநருக்கு முதல் பத்து மீட்டரிலேயே தெரிந்துவிடும். ஃபோர் வீல் டிரைவ் அந்த எச்சரிக்கையைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. காய்ந்த சாலையில் போலவே சுலபமாகக் கிளம்பும், வேகம் பிடிக்கும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது முதன்முதலில் தெரிவது பிரேக்கை மிதிக்கும்போதுதான். அதற்குள் வண்டி 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில், பின்னால் யாரும் வராத நேரான சமதளத்தில், 20 அல்லது 25 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். லேசாக மிதித்ததுமே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) காலடியில் துடித்தால் சாலையில் பிடிப்பு மிகக் குறைவு. உயரம் கூடும்போதும், வெயில் போய் நிழல் வரும்போதும், பொழுது சாயும்போதும் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுபவர்களுக்கு நான் ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நிற்கும் தூரம் எவ்வளவு கூடும்?

டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வை ஓர் எண்ணால் குறிப்பார்கள். காய்ந்த தார்ச்சாலையில் அது ஏறக்குறைய 0.7. அழுந்தி இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரை. ஐஸில் 0.1. ஐஸ்மேல் தண்ணீர் நின்றால் அதற்கும் கீழே.

50 கி.மீ. வேகத்தில் இருந்து முழு பிரேக் போட்டால் காய்ந்த சாலையில் சுமார் 14 மீட்டரில் நிற்கலாம். உராய்வு 0.2 உள்ள பனியில் 49 மீட்டர் ஆகும். ஐஸில் கிட்டத்தட்ட 100 மீட்டர். இது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால் அதற்குள் இன்னொரு 14 மீட்டர் போயிருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால்வாசியாகும். அதே ஐஸில் 25 கி.மீ. வேகத்தில் வந்தால் 25 மீட்டர் போதும். எந்தக் கருவியும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது.

என் வண்டி இரண்டு டன். அந்தக் கனத்துக்கு நன்றாக அமுங்கிப் பிடிக்காதா?

கனம் கூடினால் டயரின் பிடியும் கூடும், உண்மைதான். ஆனால் நிறுத்த வேண்டிய கனமும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் கழிந்துபோகும். நிற்கும் தூரம் குறையாது. மோதும்போது மட்டும் அந்தக் கனம் முழுதாக வேலை செய்யும். உயரமான வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் போய்ச் சாலையோரக் கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ தட்டினால் கவிழும் வாய்ப்பும் தாழ்வான காரைவிட அதிகம்.

என் வண்டியில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2எச் (இரண்டு சக்கர இயக்கம்), 4எச் (நாலு சக்கர இயக்கம், சாதாரண வேகம்), 4எல் (நாலு சக்கர இயக்கம், மெதுவான வேகம், அதிக விசை) என்று தேர்ந்தெடுக்கும் கம்பியோ திருகியோ இருந்து, 4எச்-ஐக் காய்ந்த சாலையில் போடக் கூடாது என்று கையேடு சொன்னால் அது பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ். பிக்கப் வண்டிகளிலும் பழைய ஜீப் வகைகளிலும் இதுதான் வழக்கம். 4எச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படும்.

எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, வண்டி எப்போதும் நாலு சக்கரத்துக்கும் சக்தி அனுப்புகிறது என்றால் முழுநேர வகை. நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருந்து முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் தரும். எந்தச் சாலையிலும் ஓட்டலாம்.

மூன்றாவது, இன்றைய பெரும்பாலான எஸ்யூவிகளில் இருக்கும் தேவைக்கேற்ற ஆல் வீல் டிரைவ். சாதாரணமாக முன் சக்கரங்களே இழுக்கும். அவை நழுவும்போது, அல்லது நழுவப் போவதாகக் கணினி ஊகித்ததும், ஒரு க்ளட்ச் பின் சக்கரங்களையும் இணைக்கும். பனிச்சாலைக்கு இது போதுமானது. ஆழமான பனியில் நெடுநேரம் திணறினால் அந்த க்ளட்ச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளப் பின் சக்கரங்களை விட்டுவிடலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

சாலை ஒரு இடத்தில் காய்ந்தும் ஒரு இடத்தில் பனியாகவும் இருக்கிறது. 4எச்-இலேயே போகலாமா?

முழுநேர வகையும் ஆல் வீல் டிரைவும் என்றால் யோசிக்கவே வேண்டாம். பகுதிநேர வகைக்குத்தான் இது சங்கடம்.

வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகும், ஆகவே அதிகத் தூரம் உருள வேண்டும். அச்சுகள் பூட்டியிருந்தால் அதற்கு வழியில்லை. பனியில் டயர் கொஞ்சம் நழுவி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் நழுவாது. முறுக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துவிடும் பெட்டி) தண்டுகளிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் இறுகும், வண்டி துள்ளித் துள்ளித் திரும்பும், பிறகு 2எச்-க்கு மாற்றப் பார்த்தால் வராது. அப்படிச் சிக்கினால் பாதுகாப்பான இடத்தில் சில மீட்டர் நேராகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விடுபடும்.

நேரான சாலையில் அங்கங்கே காய்ந்த திட்டு வருவதால் உடனே எதுவும் கெட்டுவிடாது. நீளமாகக் காய்ந்த சாலையும் வளைவும் வந்தால் 2எச்-க்கு வாருங்கள். அதே சமயம் பின் சக்கர இயக்கமாகிவிட்ட அந்த வண்டி, அடுத்த ஐஸ் திட்டில் பின்பக்கம் சுலபமாக வீசும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பனி கூடுவது தெரிந்தால் அது வருவதற்கு முன்பே 4எச் போட்டுவிடுவது நல்லது.

ஓடும்போதே 4எச் போடலாமா? 4எல் எப்போது?

பெரும்பாலான இன்றைய வண்டிகளில் ஓடும்போதே 4எச்-க்கு மாற்றலாம். வேக வரம்பு வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் இருக்கும். எந்த வேகமானாலும் நேராக, சீராகப் போகும்போது மாற்றுங்கள். பின் சக்கரம் ஏற்கெனவே நழுவிச் சுழலும்போது மாற்றாதீர்கள். ஒன்றுக்கொன்று வேறு வேகத்தில் சுற்றும் பாகங்களை அப்போது இணைக்கிறீர்கள், பல் உடையலாம்.

4எல் என்பது சாலையில் ஓட்டுவதற்கானது அல்ல. சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையை அது வண்டியைப் பொறுத்து 2 முதல் 4 மடங்கு வரை பெருக்குகிறது. ஐஸில் குறை விசை அல்ல, பிடிப்புதான். அதனால் அங்கே 4எல் போட்டு முதல் கியரில் மிதித்தால் சக்கரம் இன்னும் சுலபமாக நழுவும். ஆழமான பனியில் ஊர்ந்து வெளியேறவும், செங்குத்தான இறக்கத்தில் நடை வேகத்தில் இறங்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வண்டியை நிறுத்தி, அல்லது ஏறக்குறைய நிறுத்தி, நியூட்ரலில் போட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

ஏற்றத்தில் சுலபமாக ஏறிவிட்டேன். இறங்கும்போது ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது?

பயம் நியாயமானது. இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும்விட இதை நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஐஸின் உராய்வு 0.1 என்று பார்த்தோம். அப்படியென்றால் 10 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சாலையில், வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் டயர் அதிகபட்சம் பிடிக்கக்கூடிய விசையும் சமமாகிவிடும். நாலு சக்கரத்திலும் முழு பிரேக் போட்டாலும் வண்டி வேகம் குறையாது. வந்த வேகத்திலேயே கீழே போகும். சரிவு கொஞ்சம் கூடினால் பிரேக் போட்டபடியே வேகம் ஏறும்.

இப்போது ஏற்றத்தைப் பாருங்கள். வண்டியின் கனத்தில் ஏறக்குறைய பாதியைத் தாங்கும் இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுத்தால், அதே ஐஸில் சுமார் 5 சதவீத ஏற்றத்திலேயே கார் நின்றுவிடும். அதற்குமேல் அதனால் போக முடியாது, போகாததாலேயே தப்பித்துவிடும். நாலு சக்கரமும் இழுத்தால் 10 சதவீதம் வரை ஏறலாம். ஆக, எந்தச் சரிவில் பிரேக் கைவிடுமோ அந்தச் சரிவின் உச்சி வரை ஃபோர் வீல் டிரைவ் உங்களைக் கொண்டுபோய் விடுகிறது. ஏற முடிந்ததை வைத்து இறங்க முடியும் என்று முடிவு செய்யக் கூடாது. அந்தப் பக்கம் சரிவு எப்படி, பிடிப்புக்கு மணலோ ஐஸை உருக்க உப்போ போட்டிருக்கிறார்களா, வழியில் திரும்ப இடம் இருக்கிறதா என்று தெரியாமல் ஐஸ் படர்ந்த மேட்டைத் தாண்டாதீர்கள்.

சரி, இறங்கித்தான் ஆக வேண்டும். எப்படி?

உச்சியிலேயே வேகத்தை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, கீழ் கியர் போட்டு, பிறகு இறங்குங்கள். சரிவு தொடங்கிய பிறகு வேகம் குறைக்கப் பார்ப்பது தாமதம்.

இங்கே ஃபோர் வீல் டிரைவ் உண்மையாகவே கைகொடுக்கும். பின் சக்கரம் மட்டும் இயங்கும் வண்டியில் ஐஸ்மேல் கியர் இறக்கினால் என்ஜின் பிரேக் முழுவதும் பின் டயர்களில் விழுந்து, அவை நழுவி, வண்டி குறுக்கே திரும்பிவிடலாம். 4எச் போட்டிருந்தால் அந்த என்ஜின் பிரேக் நாலு டயருக்கும் பகிர்ந்து போகும், வண்டி நேராக இறங்கும். மொத்தப் பிடிப்பு கூடவில்லை, பங்கீடுதான் சீராகிறது. ஆனால் ஐஸில் அந்தச் சீர்தான் வேண்டியது.

இறக்கக் கட்டுப்பாடு என்ற பொத்தான் இருந்தால் பனியில் பயன்படுத்தலாம். அது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாகக் கையாள்கிறது. வெறும் ஐஸில் மேலே சொன்ன கணக்கை அதனாலும் மாற்ற முடியாது.

முன்னால் ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருந்தால் அது அடிவாரம் சேரும் வரை உச்சியிலேயே நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்தாலும் நில்லுங்கள்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால்?

திரும்ப முயலாதீர்கள். குறுக்காக நின்றதும் வண்டி பக்கவாட்டில் நழுவ ஆரம்பித்தால் உங்கள் கையில் எதுவும் இல்லை. ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெல்ல மெல்ல வந்த தடத்திலேயே பின்னால் இறங்குங்கள். பிரேக்கில் முன் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. பிரேக்கை விட்டு விட்டு, தொட்டுத் தொட்டுப் பிடிக்க வேண்டும்.

இந்த நிலைமை வராமல் இருக்க, ஏறும் முன்பே தேவையான வேகத்தை எடுத்து, இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்து ஏறுங்கள். முன்னால் போகும் வண்டி மேலே ஏறி முடித்த பிறகு கிளம்புங்கள்.

டிஃபரன்ஷியல் லாக் போட்டால் ஐஸில் இன்னும் நன்றாகப் பிடிக்குமா?

ஆழமான பனியில் சிக்கியிருந்தால், நேராக வெளியேறும் வரை, போடலாம். சாலையில் ஓடும்போது, அதிலும் ஐஸில், பின் டிஃபரன்ஷியலை, அதாவது பின் சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பாகத்தை, பூட்டாதீர்கள்.

காரணம் இது. பூட்டாத அச்சில் ஒரு டயர் நழுவிச் சுழன்றாலும் மறு டயர் சுழலாமல் நிற்கும், அது பக்கவாட்டில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும். சுழலும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய இல்லை. எல்லாச் சாலையும் தண்ணீர் வடிய ஓரமாகக் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். வண்டியின் பின்பக்கம் அந்தச் சாய்வில் பள்ளத்தை நோக்கி நழுவும். நடு டிஃபரன்ஷியல் பூட்டு வேறு சமாசாரம். சீரான பனியில் அதைப் போட்டு ஓட்டலாம்.

நாலு சக்கர இயக்கம் இருக்கும்போது பனிக்கால டயர் எதற்கு?

டயர்தான் முதல். பனிக்கால டயர் போட்ட இரண்டு சக்கர இயக்கக் கார், கோடைக்கால டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டயரில் போடுங்கள் என்பேன்.

கோடைக்கால ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கிறது. இறுகினால் சாலையின் சொரசொரப்பில் படியாது. பனிக்கால ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். அதன் கட்டைகளில் உள்ள மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும்.

டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்திருந்தால், அது பனியில் ஒரு குறைந்தபட்ச அளவைச் சோதனையில் தாண்டியது என்று பொருள். எம்+எஸ் (சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால் அப்படி ஒரு சோதனை தேவையில்லை, தயாரிப்பாளர் தாமே போடும் குறி அது. மலைக்குறியும் பனிக்கான சோதனைதான், ஐஸுக்கானது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் டயர் லேபிளில் ஐஸ் பிடிப்புக்குத் தனிப் படம் வந்திருக்கிறது.

பல நாடுகளில் டயர் பள்ளத்தின் சட்டபூர்வ எல்லை 1.6 மி.மீ. பனிக்கு அது போதவே போதாது. 4 மி.மீ.-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். நாலையும் ஒரே வகையில் போடுங்கள். இரண்டு மட்டும் நல்ல டயர் என்றால் வண்டி ஒரு முனையில் பிடித்து மறு முனையில் வீசும். மேலும் ஆல் வீல் டிரைவில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் நடு க்ளட்ச் ஓய்வில்லாமல் உழைத்துத் தேய்ந்துபோகும்.

காற்றழுத்தத்தையும் குளிரில் பாருங்கள். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். பனியில் பிடிக்கும் என்று சாலையில் ஓடும் வண்டிக்குக் காற்றைக் குறைக்காதீர்கள்.

பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றிக் கட்டும் சங்கிலி எந்தச் சக்கரத்தில்?

முடிந்தால் நாலிலும். முன்னால் மட்டும் கட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் வீசும், பின்னால் மட்டும் கட்டினால் ஸ்டீயரிங் சொன்னபடி திரும்பாது. ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் எதில் என்பதைக் கையேடு சொல்லும். சில வண்டிகளில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே இடம் போதாமல் ஒரு அச்சில் கட்டவே கூடாது என்றும் இருக்கும். பொதுவாக 50 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. கட்டிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். காய்ந்த சாலை வந்ததும் கழற்றுங்கள். இதையெல்லாம் வீட்டு வாசலில் ஒரு தடவை கட்டிப் பழகிவிட்டுப் போனால், இருட்டில் விரல் விறைக்கும்போது திண்டாட வேண்டாம்.

ஏபிஎஸ் இருந்தாலும் பிரேக்கை விட்டு விட்டு அழுத்தணுமா?

வேண்டாம். அவசரம் என்றால் முழுதாக அழுத்தி அப்படியே வைத்திருங்கள். துடிப்பும் சத்தமும் அது வேலை செய்வதன் அடையாளம். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில்தான் விட்டு விட்டு அழுத்த வேண்டும். பின்னோக்கி ஊரும் அளவுக்கு வேகம் குறைவாக இருக்கும்போது ஏபிஎஸ் விலகிவிடுவதால்தான் மேலே ஏற்றத்தைப் பற்றிச் சொன்னபோது தொட்டுத் தொட்டு என்றேன்.

புதிதாக விழுந்த தளர்வான பனியில் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டலாம். பூட்டிய சக்கரம் முன்னால் பனியைக் குவித்துத் தடையாக்கிக்கொள்ளும், ஏபிஎஸ் சக்கரத்தை உருள விடுவதால் அந்தக் குவியல் சேராது. ஆனாலும் பிரேக் போட்டபடியே விலகித் திரும்ப முடிவது பெரிய லாபம்.

1966-இல் பிரிட்டனில் வந்த ஜென்சன் எஃப்எஃப் கார், சாலைக்காகவே செய்த கார்களில் நாலு சக்கர இயக்கத்தை முதலில் கொண்டுவந்தவற்றில் ஒன்று. அதிலேயே டன்லப் மாக்சரெட் என்ற பூட்டுத் தடுப்பு பிரேக்கையும் சேர்த்திருந்தார்கள். இழுக்கும் வசதியைக் கூட்டியவர்கள் நிறுத்தும் வசதியையும் அதோடு கூட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

சறுக்க ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?

முன்பக்கம் திரும்பாமல் நேராகப் போனால் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்காமல் கொஞ்சம் நேராக்குங்கள். டயருக்கு மறுபடி பிடி கிடைத்த பிறகு திருப்புங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, திரும்பவில்லையே என்று மேலும் மேலும் ஒடிப்பது. பிடி திடீரென்று கிடைக்கும்போது வண்டி ஒடித்த பக்கமே பாய்ந்துவிடும்.

பின்பக்கம் வீசினால் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்புங்கள், காலை மெல்ல எடுங்கள். மோதலைத் தவிர்க்கவே முடியாது என்று ஆனால் பிரேக்கை முழுதாக அழுத்துங்கள்.

ஃபோர் வீல் டிரைவில் சில சமயம் நாலு டயரும் ஒன்றாகவே நழுவும், முன்கூட்டி எதுவும் தெரியாது. ஆகவே வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் இல்லாமல் உருண்டு போவதே மேல். டயரிடம் இருப்பது ஒரே ஒரு பிடிப்பு, பிரேக்குக்குக் கொடுத்தது போக மீதிதான் திரும்புவதற்கு.

ஐஸ் எங்கே இருக்கும் என்று முன்கூட்டித் தெரியுமா?

ஓரளவு தெரியும். பாலங்கள் முதலில் உறையும், மேலும் கீழும் குளிர்காற்று படுவதால். அடுத்தது மலை நிழலிலும் மரநிழலிலும் உள்ள வளைவுகள், பகலில் பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடிய இடங்கள், கார்கள் நின்று நின்று கிளம்பும் சந்திப்புகள். சாலை ஈரமாகப் பளபளக்கிறது, ஆனால் முன் வண்டியின் டயர் தண்ணீரைத் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் இல்லை, ஐஸ்.

டாஷ்போர்டில் தெரியும் வெப்பநிலை காற்றினுடையது. அது 3 டிகிரி காட்டும்போதே சாலை உறைந்திருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிய ஐஸ், கடுங்குளிரில் உறைந்த ஐஸைவிட அதிகம் வழுக்கும், ஏனென்றால் மேலே தண்ணீர்ப் படலம் நிற்கும். உப்பு போட்டிருக்கிறார்கள் என்று முழுதாக நம்பவும் வேண்டாம். சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போது மிக மெதுவாகத்தான் வேலை செய்யும்.

வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல்?

அணைத்து வையுங்கள்.

மின்சார ஆல் வீல் டிரைவ் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் இருப்பதால் பிடிப்பு குறைவதை மிக வேகமாகச் சரிசெய்யும், கிளம்புவதில் அது அருமை. கவனிக்க வேண்டியது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே பிரேக் பிடிப்பது. ஐஸில் காலைச் சட்டென்று எடுத்தால் அதுவே சறுக்கத் தூண்டலாம். அந்த அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், காலை மெல்ல எடுங்கள். இன்னொன்று, பேட்டரி குளிர்ந்திருக்கும்போது இந்தப் பிரேக் குறைவாகவும், சூடேறிய பிறகு பலமாகவும் இருக்கும். காலையில் இருந்த உணர்வு ஒரு மணி நேரம் கழித்து இருக்காது.

பனியில் புதைந்துவிட்டேன்.

சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள், அடியில் உருகி ஐஸாகி இன்னும் ஆழமாகும். முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாருங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அந்த வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். பிறகு சக்கரங்களின் முன்னும் பின்னும், வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் தோண்டுங்கள். வயிறு பனியில் உட்கார்ந்துவிட்டால் எந்த டிரைவும் உதவாது. மணலோ பிடிப்புப் பலகையோ இருந்தால் டயருக்குமுன் போடுங்கள். சறுக்கல் கட்டுப்பாட்டை இந்த நேரத்துக்கு மட்டும் அணைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். சாலைக்கு வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

வெளியே வரவில்லை என்றால் உதவி வரும் வரை வண்டியிலேயே இருங்கள். என்ஜினை மணிக்குப் பத்து நிமிடம் மாதிரி ஓட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஒவ்வொரு தடவையும் ஓட்டும் முன் புகைக்குழாயைப் பாருங்கள். போர்வை, மண்வெட்டி, டார்ச், தண்ணீர், சாப்பிட ஏதாவது, இவையெல்லாம் வண்டியில் இருக்க வேண்டும்.

என்னிடம் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது என்று மற்றவர்கள் இழுத்துவிடச் சொல்கிறார்கள்.

உதவுங்கள், ஆனால் இழுப்பதற்கென்று உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டி வெட்டி இழுத்ததால் அது பிய்ந்து குண்டுபோலப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எல்லோரையும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கயிற்றை மெல்ல இறுக்கி இழுங்கள். நீங்கள் நிற்கும் இடமே ஐஸ் என்றால் மறுத்துவிட்டு, மீட்பு வண்டியைக் கூப்பிட உதவுங்கள். அதில் தப்பில்லை.

ஓட்டி முடித்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

பகுதிநேர வகை என்றால் காய்ந்த சாலைக்கு வந்ததும் 2எச் போட்டீர்களா என்று விளக்கைப் பாருங்கள். சக்கர வளைவுக்குள் இறுகிய பனியைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் உறைந்து காலையில் ஸ்டீயரிங் முழுதாக ஒடியாது. சமதளத்தில் நிறுத்தி கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில், விடுங்கள். கேபிளில் இயங்கும் ஹேண்ட்பிரேக் ஈரத்தோடு உறைந்து காலையில் விடாமல் பிடித்துக்கொள்ளலாம். உப்புச் சாலையில் ஓடியிருந்தால் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கழுவிய கையோடு நிறுத்திவிடாமல், கொஞ்ச தூரம் ஓட்டி நாலைந்து தடவை பிரேக் போட்டு உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.